'ஸ்ட்ரூ' என்ற ஆங்கில வினை: 'ஸ்கேட்டர்' இருக்கும்போது இது எங்கே தேவைப்படுகிறது?

கூழாங்கல் (கேள்வி)

வணக்கம். ஆங்கில அறிவியல் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது எஸ்-டி-ஆர்-இ-டபிள்யூ என்று எழுதப்படும் 'ஸ்ட்ரூ' அடிக்கடி எதிர்ப்படுகிறது. அகராதி 'சிதறு, தூவு, இறை, பரப்பு' என்கிறது. 'ஸ்கேட்டர்' (எஸ்-சி-ஏ-டி-டி-இ-ஆர்) என்று தேடினாலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? 'ஸ்ட்ரூட்', 'ஸ்ட்ரூன்' இரண்டில் எதை எங்கே எழுத வேண்டும்? இப்போது கையில் இருக்கும் விண்கல் கட்டுரையில் 'ஸ்ட்ரூன் ஃபீல்ட்' என்று ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அது வெறும் வருணனையா, கலைச்சொல்லா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சொல்லேர்

முதலில் வடிவங்கள். நிகழ்காலம் 'ஸ்ட்ரூ', 'ஸ்ட்ரூஸ்', இறந்தகாலம் 'ஸ்ட்ரூட்', 'வாஸ்', 'ஹேவ்' போன்றவற்றோடு வரும் எச்ச வடிவம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) 'ஸ்ட்ரூன்'. அந்த மூன்றாவது இடத்தில் 'ஸ்ட்ரூட்' என்று எழுதுவதையும் அகராதிகள் ஏற்கின்றன, ஆனால் இன்றைய எழுத்தில் 'ஸ்ட்ரூன்'தான் மிகப் பெரும்பான்மை. உச்சரிப்பு ஒரே அசை, 'மூன்' என்பதோடு எதுகை சேரும். நடுவில் டபிள்யூ நிற்பதால் சிலர் 'ஸ்ட்ரெவன்' என்று வாசிக்கிறார்கள், அது தவறு.

பொருளுக்கு வருவோம். 'ஸ்கேட்டர்' பொருள்களைப் பார்க்கிறது: ஒன்றாக இருந்தவை ஆளுக்கொரு திசையாகப் பிரிகின்றன. 'ஸ்ட்ரூ' தரையைப் பார்க்கிறது: ஒரு பரப்பின்மேல் பல பொருள்கள் ஒழுங்கில்லாமல் இறைந்து கிடக்கின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் பலவும் தாமாகவே விளங்கும்.

கூட்டம் கலைந்து ஓடினால் 'த க்ரௌட் ஸ்கேட்டர்ட்'. அங்கே 'ஸ்ட்ரூ' நுழையவே முடியாது, ஏனென்றால் எதன்மேலும் எதுவும் விழுந்து கிடக்கவில்லை. ஒளி சிதறுவதற்கும் 'ஸ்கேட்டர்'தான். தரையெங்கும் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தால் 'ஸ்ட்ரூன்' மிகப் பொருத்தம்.

அடர்த்தியிலும் வேறுபாடு உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. 'ஸ்கேட்டர்ட் ஹௌசஸ்' என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள், இடையில் நிறைய வெற்றிடம். 'ஸ்ட்ரூன்' என்றால் கண் போன இடமெல்லாம் கிடக்கிறது என்ற எண்ணம் வரும். ஆகவே வானிலை அறிக்கையின் 'ஸ்கேட்டர்ட் ஷவர்ஸ்' (ஆங்காங்கே மழை) என்பதில் சொல்லை மாற்றினால் பொருளே கெட்டுவிடும்.

இனி வாக்கிய அமைப்பு. இந்த வினை இரண்டு விதமாக நிற்கும். 'ஷீ ஸ்ட்ரூட் பெட்டல்ஸ் ஓவர் த பாத்' என்பதில் இதழ்கள் செயப்படுபொருள். பாதையில் ஒரு பகுதியில் மட்டும் தூவியிருந்தாலும் வாக்கியம் சரி. 'ஷீ ஸ்ட்ரூட் த பாத் வித் பெட்டல்ஸ்' என்பதில் பாதை செயப்படுபொருள். இப்படிச் சொன்னால் பாதை முழுவதும் இதழ்கள் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். மொழிபெயர்க்கும்போது இரண்டாவதற்கு 'பாதை நெடுக', 'பாதையெங்கும்' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூலத்தில் இருந்த முழுமை தமிழில் வராது.

மூன்றாவது அமைப்பும் ஒன்று உண்டு: 'லீவ்ஸ் ஸ்ட்ரூட் த லான்'. இங்கே இலைகளே எழுவாய். இலைகள் எதையும் எடுத்துத் தூவவில்லை. புல்வெளியை மூடிக் கிடக்கின்றன, அவ்வளவே. இலக்கிய நடையில் வரும், அன்றாடப் பேச்சில் அரிது.

நடைமுறையில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் 'வாஸ் ஸ்ட்ரூன் வித்', 'லே ஸ்ட்ரூன் அக்ராஸ்' போன்றவைதான். வேண்டுமென்று தூவியதா, விபத்தில் சிதறியதா என்பதை இந்தச் சொல் சொல்லாது. இரண்டுக்கும் பொது. சூழலைப் பார்த்துத்தான் 'தூவிய' என்றோ 'சிதறிக் கிடந்த' என்றோ முடிவெடுக்க வேண்டும்.

பிழைதிருத்தி

சொல்லேர் சொன்னதோடு, தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இந்தச் சொல் தடுமாறும் இடங்களைச் சொல்கிறேன்.

முதன்மையான பிழை: 'த பேப்பர்ஸ் ஸ்ட்ரூட் ஆன் த ஃப்ளோர்'. தமிழில் 'காகிதங்கள் சிதறின' என்று தன்வினையாகச் சொல்லலாம் என்பதால் இப்படி எழுதத் தோன்றுகிறது. 'ஸ்கேட்டர்' அதற்கு இடம் கொடுக்கும், 'ஸ்ட்ரூ' கொடுக்காது. அது எப்போதும் ஒரு செயப்படுபொருளைக் கேட்கும். எனவே 'த பேப்பர்ஸ் ஸ்கேட்டர்ட்' அல்லது 'த பேப்பர்ஸ் வேர் ஸ்ட்ரூன்'.

அடுத்தது எண்ணிக்கை. ஒரே ஒரு புத்தகம் தரையில் கிடந்தால் அதற்கு 'ஸ்ட்ரூன்' பொருந்தாது. பன்மைப் பெயர் வேண்டும், இல்லையென்றால் மணல், வைக்கோல், குப்பை போலத் திரளாகச் சொல்லும் பெயர் வேண்டும்.

நீருக்கும் இந்தச் சொல் ஒத்துவராது. தண்ணீர் தெளிப்பதற்கு 'ஸ்ப்ரிங்கிள்'. உப்பு, பொடி ஆகியவற்றை அளவாக, சீராகத் தூவுவதற்கும் அதுவேதான். இடைவெளி இல்லாமல் சீராகப் பரப்பினால் 'ஸ்ப்ரெட்'; தானியத்தைக் காயப்போடும்போது யாரும் தாறுமாறாக வீசுவதில்லை, அதனால் அங்கே 'ஸ்ட்ரூ' போட்டால் ஆங்கிலம் படிப்பவர் அலங்கோலத்தைக் கற்பனை செய்வார். 'லிட்டர்' பெரும்பாலும் குப்பையைக் குறிக்கும், அதில் கண்டிப்பு தொனிக்கும். மலர்கள் கிடக்கும் பாதையை 'லிட்டர்ட்' என்றால் மலரே குப்பையாகிவிடும்.

முன்னிடைச்சொல்லிலும் சறுக்குவார்கள். கிடக்கும் பொருளுக்கு 'வித்', செய்த ஆளுக்கோ விசைக்கோ 'பை'. 'ஸ்ட்ரூன் வித் லீவ்ஸ்' சரி. 'ஸ்ட்ரூன் பை லீவ்ஸ்' என்றால் இலைகளே எதையோ வாரி இறைத்தது போல ஆகிவிடும். 'ஸ்ட்ரூன் பை த விண்ட்' சரி, இறைத்தது காற்று. பரப்பைச் சொல்ல 'ஓவர்', 'அக்ராஸ்', 'ஆல் ஓவர்' நன்றாக இருக்கும். 'ஆன்' தவறில்லை, ஆனால் பரவிக் கிடப்பது அதில் அவ்வளவாகத் தெரியாது.

பெயருக்கு முன்னால் கூட்டுச்சொல்லாக வந்தால் சிறுகோடு போட வேண்டும்: 'ராக்-ஸ்ட்ரூன் ஸ்லோப்' (பாறைகள் சிதறிக் கிடக்கும் சரிவு), 'டெப்ரி-ஸ்ட்ரூன் ஸ்ட்ரீட்' (இடிபாடுகள் சிதறிக் கிடக்கும் தெரு). 'த ஸ்லோப் வாஸ் ஸ்ட்ரூன் வித் ராக்ஸ்' என்று விரித்து எழுதினால் கோடு வேண்டாம்.

கூழாங்கல்

இருவருக்கும் மிக்க நன்றி. தரையா, பொருளா என்ற பிரிப்பு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. செயப்பாட்டு வாக்கியங்களைத் தமிழில் எழுதுவதுதான் இன்னும் சிக்கலாக இருக்கிறது. 'த ஃப்ளோர் வாஸ் ஸ்ட்ரூன் வித் பேப்பர்ஸ்' என்பதை 'தரை காகிதங்களால் இறைக்கப்பட்டிருந்தது' என்று எழுதினால் காதுக்கே உறுத்துகிறது.

சொல்லேர்

உறுத்துவது நியாயம்தான். தமிழில் தரையை இறைக்க முடியாது, காகிதத்தைத்தான் இறைக்க முடியும். 'படு' சேர்ப்பதை விட்டுவிட்டுப் பொருளை எழுவாயாக்குங்கள், பரப்பை இடமாக்குங்கள்: 'தரையெங்கும் காகிதங்கள் இறைந்து கிடந்தன.' 'இறைந்து', 'சிதறி' இரண்டுமே தன்வினை எச்சங்கள். 'கிட' என்ற துணைவினை சேர்ந்ததும், நடந்து முடிந்து அப்படியே விட்ட நிலை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 'வாஸ் ஸ்ட்ரூன்' சொல்வதும் அந்த நிலையைத்தான்.

உருவகமாக வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 'த எஸ்ஸே இஸ் ஸ்ட்ரூன் வித் எரர்ஸ்' என்பதற்குத் தூவுவதும் வேண்டாம், இறைப்பதும் வேண்டாம். 'கட்டுரை நெடுகப் பிழைகள்', 'பிழைகள் மலிந்த கட்டுரை' என்றால் போதும். 'மலிந்த' என்பதில் மிகுதியும் குறைகூறலும் சேர்ந்தே வருகின்றன. நல்ல விஷயம் நிறைந்திருந்தால் 'விரவிய' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய நூல்களைத் தொடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் மத்தேயு 21:8ல் மரக்கிளைகளை வழியில் பரப்பியதைச் சொல்லும்போது 'ஸ்ட்ராட்' என்ற வடிவம் இருக்கிறது. அச்சுப்பிழை அல்ல, இதே வினையின் பழைய வடிவம். வைக்கோலைக் குறிக்கும் 'ஸ்ட்ரா'வும் இதே சொற்குடும்பம்; தரையில் பரப்புவதற்கு உரியது என்பதால் அந்தப் பெயர். ஜெர்மன் மொழியின் 'ஷ்ட்ராயென்' என்ற வினையும் உறவுதான், அதன் பொருளும் தூவுதல்.

எரிதழல்

'ஸ்ட்ரூன் ஃபீல்ட்' பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அது கலைச்சொல்தான், வருணனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வளிமண்டலத்தில் உடைந்த ஒரு விண்கல்லின் துண்டுகள் விழுந்து கிடக்கும் நிலப்பகுதியை அப்படி அழைக்கிறார்கள். விண்கல் சாய்வாக வருவதால் அந்தப் பகுதி பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும், நீளவாக்கு பயணத் திசையைக் காட்டும். சிறு துண்டுகளைக் காற்று விரைவில் தடுத்துவிடும், அவை முன்னதாகவே விழும். பெரிய துண்டுகள் வேகத்தை அதிகம் இழக்காமல் தொலைவுக்குப் போகும். ஆகவே நீள்வட்டத்தின் ஒரு முனையில் பொடிக்கற்கள், மறுமுனையில் பெருங்கற்கள். காற்றின் போக்கு சிறு கற்களைப் பக்கவாட்டில் நகர்த்துவதும் உண்டு.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் பகுதியில் வெடித்த விண்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கு நோக்கிச் சென்ற அதன் சிறு துண்டுகள் நகருக்குத் தெற்கே கிடைத்தன. 600 கிலோவுக்கு மேல் எடையுள்ள மிகப் பெரிய துண்டு, மேற்கே வெகுதொலைவில் உள்ள செபர்குல் ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது.

இதே தொடர் டெக்டைட் என்ற கண்ணாடிக் கற்களுக்கும் வரும்; அங்கே பரப்பளவு மிகப் பெரிது. விண்ணிலிருந்து வந்த பெரும்பொருள் பூமியில் மோதியபோது உருகித் தெறித்த நிலப்பாறைதான் டெக்டைட். ஆஸ்திரலேசிய டெக்டைட்டுகள் கிடக்கும் புலம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீள்கிறது. அங்கே 'நீள்வட்டம்' என்று சேர்த்துவிடாதீர்கள்.

தமிழுக்கு 'சிதறல் களம்' என்று ஒன்றை எடுத்து, கட்டுரை முழுக்க அதையே வையுங்கள். ஓரிடத்தில் 'சிதறிய வயல்' என்று எழுதினால் வயலே உடைந்து சிதறியது போலாகும். ஒளிச்சிதறலைப் பற்றியும் அதே கட்டுரை பேசினால் 'சிதறல்' இரண்டு பொருளில் நிற்கும். அப்போது 'விண்கல் விழுபுலம்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

கூழாங்கல்

கட்டுரையின் பிற்பகுதியில் ஒளிச்சிதறல் வருகிறது. அதனால் 'விழுபுலம்' என்றே வைத்துக்கொள்கிறேன். நன்றி.