காலைச் சந்தை இடத்தில் மால் வந்திருந்தால் டர்பன் மையம் பிழைத்திருக்குமா?

கணக்குப்பிள்ளை:
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்தில், ரயிலும் மினிபஸ்ஸும் கூடும் வாரிக் சந்திப்பில் உள்ள காய்கறிக் காலைச் சந்தையை எடுத்துவிட்டு மால் கட்ட, நகரின் எதெக்வினி மாநகராட்சி 2009இல் திட்டம் போட்டது. 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு ஓராண்டுதான் இருந்தது. போராட்டம், வழக்கு எல்லாம் நடந்து 2011இல் மாநகராட்சியே அந்த முடிவைக் கைவிட்டது. நம்மவர்கள் இன்றும் அதை வெற்றி என்கிறார்கள். மையக் கடைத்தெருவுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்கிறேன். 1986இல் பழைய ரயில் பட்டறை வொர்க்‌ஷாப் அங்காடியானது. 1993இல் வெஸ்ட்வில்லில் பெவிலியன், 2001இல் உம்லாங்காவில் கேட்வே. கார் வைத்திருந்த குடும்பங்கள் அங்கே போய்விட்டன. யார் எங்கே வாழலாம், கடை வைக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1991இல் ரத்தானதும், மையத்தின் கிரே தெருவை விட்டால் வேறு இடமில்லை என்றிருந்த இந்தியக் கடைக்காரர்களும் வெளியேறினார்கள். பெரிய முதலீடு ஒன்று வராமல் இந்த இடம் எப்படி நிமிரும்?

தராசு:
ஐயா, பெவிலியனுக்குப் போனவரும் வாரிக்கில் வாங்குகிறவரும் ஒரே ஆள் இல்லை. வாரிக்கை நாளொன்றுக்குச் சுமார் 4,60,000 பயணிகள் கடப்பதாகச் சொல்வார்கள். ரயிலில் இறங்கி டாக்சி ரேங்குக்கு, அதாவது மினிபஸ் நிறுத்தத்துக்கு, நடப்பவர்கள் அவர்கள். பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் மினிபஸ்ஸில் மடியில் வைக்க முடிந்ததைத்தான் வாங்குவார்கள். அதனால்தான் 10 கிலோ உருளைக்கிழங்கு பாக்கெட்டைப் பிரித்துத் தட்டுத் தட்டாக விற்கிறார்கள். தள்ளுவண்டியை நிரப்பிக் காரில் ஏற்றும் குடும்பத்தை நம்பி நடப்பது சூப்பர்மார்க்கெட்.

2009 மால் வரைபடத்தின் உயிர்நாடியே நடைவழியைத் திருப்புவதுதான். ரேங்குகளை மாற்றியமைத்து, பயணிகள் மாலின் கடைகளைக் கடந்து போகும்படி செய்வார்கள். சந்தைக்காரருக்கு வேறு இடம் கொடுத்தாலும் அந்த இடத்துக்கு முன்னால் கால்கள் வராது. காய்கறிக்காரருக்கு மூலதனமே கடந்துபோகும் கால்கள்தான்.

மாலுக்குள் கடை தருகிறோம் என்றால் கணக்கைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு 30 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 200 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 6,000. நூற்றுக்கு 20 லாபம் நின்றால் வாடகைக்கு மட்டுமே மாதம் 30,000 ராண்டுக்கு விற்க வேண்டும். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஐந்தாம் ஆண்டில் வாடகை 8,163, விற்க வேண்டியது 40,815. பொதுச் செலவுப் பங்கும் முன்பணமும் இதில் சேரவில்லை. கீரை விற்று இதைக் கட்ட முடியாது.

கணக்குப்பிள்ளை:
வாடகைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீணாகும் சரக்கை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை, தம்பி. பிப்ரவரி வெயிலில் காலையில் வந்த கொத்தமல்லி மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். குளிர் அறை இல்லை, இரவில் சரக்கு வைக்கப் பத்திரமான இடமில்லை. பத்துக் கட்டில் மூன்று குப்பைக்குப் போனால் 20 சதவீத லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்கெல்லாம் பணம் போடுபவர் யார்? தனியார்தான். வருமான வரிச் சட்டத்தின் 13குவாட் பிரிவுப்படி, நகர்ப்புற மேம்பாட்டு மண்டலத்துக்குள் பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் அந்தச் செலவை ஆண்டுக்கு 20 சதவீதமாக ஐந்தாண்டுகளில் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ள அப்போது வழி இருந்தது. டர்பன் மையத்துக்கும் அப்படி ஒரு மண்டலம் வரையறுக்கப்பட்டது. இந்தச் சலுகை இருந்தும் முதலீட்டை விரட்டினோம்.

நூல்மட்டம்:
13குவாட்டைச் சொன்னவர் அதன் அளவையும் சொல்ல வேண்டும். முழுக் கட்டடமாக இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 1,000 சதுர மீட்டர் தளப் பகுதியாக இருக்க வேண்டும். மண்டலத்துக்குள் இருக்கிறது என்று மாநகராட்சியின் சான்றும் வேண்டும். தனிக் கடைக்காரர் தன் முகப்பைச் சரிசெய்தால் ஒரு ராண்டும் கிடைக்காது. பெரிய உரிமையாளருக்கு உதவும் சலுகை இது. சந்தைக்கு இதனால் குழாய் வராது.

காலைச் சந்தை 1910இல் தொடங்கியது, கட்டடம் 1934இல் வந்தது. 1999ஆம் ஆண்டின் மரபுச் சொத்துச் சட்டம் 34ஆம் பிரிவுப்படி, 60 ஆண்டு கடந்த கட்டடத்தை அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. அனுமதிக்கு முன்பே இடிக்கும் தேதி பேசியதுதான் முதல் பிழை.

இரண்டாவது, ‘தற்காலிகமாக’ மாற்றுவது. விக்டோரியா தெரு மார்க்கெட் 1973இல் எரிந்தது, புதியது திறந்தது 1990இல். இடையில் 17 ஆண்டு. அதற்குள் வாங்குபவரின் கால் வேறு வழி பழகிவிடும். அதே நடைவழியில், ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் நகர்த்தி, அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

மீனா, பீனிக்ஸ்:
கிரே தெருவை மறந்துவிடாதீர்கள், அண்ணே. 1927இல் கட்டிய மத்ரசா ஆர்கேட் இன்னும் நிற்பதற்குக் காரணம் கேளுங்கள். ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியே வரலாம். குறுக்குவழியாகப் போகிறவர் வழியிலேயே வாங்குகிறார். கடைகளும் சின்னவை. முட்டுச்சந்தாகக் கட்டிய அங்காடிக்கு விளம்பரம் செய்துதான் ஆள் வரவேண்டும்.

இன்னொன்று. புரட்டாசியில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் புறநகர் வீடுகளில் மாதம் முழுக்க மரக்கறிதான். மடும்பி என்ற சேப்பங்கிழங்கு, வெந்தயக்கீரை, அவரை எல்லாம் அப்போது எவ்வளவு தேவைப்படும்! இதைப் பார்த்துச் சரக்கு எடுப்பது சந்தைக்காரர்தான். எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல் போடும் சங்கிலிக் கடைக்கு இது தெரியாது.

கணக்குப்பிள்ளை:
மடும்பியை நானும் அங்கேதான் வாங்குவேன், அம்மா. கட்டடத்தை விட்டுவிடுவோம். குளிர் அறைக்கு வழி சொல்லுங்கள்.

தராசு:
ஒரே பெரிய அறை வைத்தால் சரக்கு கெடும். கீரைக்கு 0 முதல் 4 டிகிரி வேண்டும். தக்காளியையும் கத்தரிக்காயையும் அதே குளிரில் வைத்தால் குழி விழும், நிறம் மாறும்; அவற்றுக்கு 10 முதல் 12 டிகிரி. வாழைக்கு 13. ஆகவே குறைந்தது இரண்டு அறை. வாடகையை மாதக்கணக்கில் வாங்காமல் இரவுக்கு, கூடைக்கு இவ்வளவு என்று வாங்கினால் சின்ன வியாபாரியும் கட்டுவார். பேரோ என்ற சரக்குத் தள்ளுவண்டி தள்ளுகிறவர் விடியுமுன் சரக்கை எடுக்க வருவார். அந்த நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். எட்டு மணிக்குத் திறக்கும் அறை யாருக்கும் பயன்படாது.

நூல்மட்டம்:
வாரிக்கில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1990களின் நடுவில் தொடங்கிய சீரமைப்பில், நடைபாதையில் முத்தி என்ற நாட்டு மருந்து மூலிகை விற்றவர்களுக்குப் பாதியில் நின்ற மேம்பாலத்தின் மேலேயே சந்தை அமைத்து, பயணிகள் நடக்கும் வழியோடு பாலத்தால் இணைத்தார்கள். வியாபாரிகளை ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளவில்லை.

வாரிக்கில் மாட்டுத்தலை சமைத்து விற்பவர்களின் இடத்தில் கொழுப்பு மழைநீர்க் கால்வாயில் உறைந்து அடைக்கும். தளத்தை 80க்கு 1 சரிவில் போட்டு, கழிவுநீரைக் கொழுப்புத் தொட்டி வழியாகக் கழிவுக்குழாயில் விடவேண்டும். கொதிநீரை நேரே தொட்டியில் ஊற்றினால் கொழுப்பு உருகித் தாண்டிப்போய் அப்பால் குழாயில் உறையும். ஆறவிட்டு ஊற்ற வேண்டும். கொழுப்புப் படலம் தொட்டி ஆழத்தில் கால்பங்கு ஆனதும் அள்ள வேண்டும். யார் அள்ளுவது என்று எழுதி வைக்காத தொட்டி சில வாரத்தில் நாறும். பிறகு அதைக் காட்டியே ‘அசுத்தம், காலி செய்’ என்று வருவார்கள்.

நடைபாதையில் மேசைக்கு 1.2 மீட்டர் ஆழம், விற்பவர் நிற்க 0.6. அதற்கப்பால் 1.8 மீட்டராவது காலியாக இருந்தால்தான் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கும். அதற்கு இடமில்லாத பக்கத்தில் மேசை போடக்கூடாது. இதை வியாபாரிகளும் ஏற்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அளவுகளை ஏற்கிறேன். மால்தான் வழி என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரவுக் கூடை வாடகை மின்கட்டணத்தைத் தாங்காது என்பது என் கணிப்பு. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் டீசலும் சேரும். மாநகராட்சி மானியம் தரவேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று முன்கூட்டியே எழுத வேண்டும்.

தராசு:
மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. முதலில் 40 கூடை அளவுக்கு ஒரு கீரை அறையை மட்டும் வைத்து, புரட்டாசிக்கு முன் மூன்று மாதம் மின்மீட்டரைத் தனியாகப் படித்துப் பார்ப்போம். மானியத் தொகையை அந்த மீட்டர் சொல்லட்டும்.