பெயரில் 'சோசலிஸ்ட்' இருந்தால் நாஜிகள் இடதுசாரிகளா?

அண்ணாநகர்வாசி:
போன வாரம் இங்கே ஒருவர் ஹிட்லரை 'தீவிர வலதுசாரி' என்று எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. ஹிட்லரின் நாஜிக் கட்சியின் முழுப்பெயர் தேசிய சோசலிச ஜெர்மன் தொழிலாளர் கட்சி. பெயரில் சோசலிசமும் இருக்கிறது, தொழிலாளரும் இருக்கிறார்கள். கொடி சிவப்பு. 1920 பிப்ரவரி 24 அன்று மியூனிக்கில் ஒரு பீர் மண்டபத்தில் அறிவித்த 25 அம்சத் திட்டத்தை எடுத்துப் படியுங்கள். பெரிய நிறுவனக் கூட்டமைப்புகளை அரசுடைமை ஆக்க வேண்டும் என்கிறது 13வது அம்சம். 14வது, பெருந்தொழில்களின் லாபத்தில் பங்கு கேட்கிறது. 17வது, இழப்பீடே இல்லாமல் நிலத்தை எடுக்கச் சொல்கிறது. இதையெல்லாம் எழுதிய கட்சி வலதுசாரி என்றால் இடதுசாரி யார்? வம்பு செய்த பிள்ளையை 'அது அடுத்த வீட்டுப் பிள்ளை' என்று கைகாட்டுவது போல இருக்கிறது.

பெரம்பூர்_மில்காரர்_பேரன்:
சார், என் தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது எங்கள் பக்கத்தில்தான். யாராவது 'தொழிலாளர் கட்சி' என்று பலகை மாட்டினால், சங்கத்தை என்ன செய்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

1933-ல் ஹிட்லர் அரசு மே தினத்தைச் சம்பளத்தோடு விடுமுறையாக அறிவித்தது. பெர்லினில் டெம்பல்ஹோஃப் மைதானத்தில் மாபெரும் கூட்டம். சங்கத் தலைமையே உறுப்பினர்களைப் போய்க் கலந்துகொள்ளச் சொன்னது. மறுநாள் மே 2 காலை, நாஜி அடியாட்கள் நாடு முழுக்கச் சங்க அலுவலகங்களுக்குள் புகுந்தார்கள். நிர்வாகிகள் கைது. சங்கப் பணம் பறிமுதல். கொடி ஏற்றி இருபத்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை! அதற்குப் பதிலாக வந்த 'ஜெர்மன் தொழிலாளர் முன்னணி'யில் முதலாளியும் உறுப்பினர். 1934 ஜனவரியில் வந்த சட்டம், ஆலை முதலாளியைத் 'தலைவர்' என்றும் தொழிலாளிகளை அவரைப் பின்தொடர்பவர்கள் என்றும் வகுத்தது.

1923-ல் சிங்காரவேலர் நம் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அதே நாளைக் கொண்டாடிவிட்டு மறுநாள் சங்கத்தை உடைத்தவர்களை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

திருவல்லிக்கேணி_வாசகி:
அண்ணாநகர் சார், 25 அம்சத்தில் நீங்கள் 13-க்குத் தாவிவிட்டீர்கள். 4வது அம்சத்தைப் பாருங்கள்: ஜெர்மன் ரத்தம் உள்ளவர் மட்டுமே குடிமகன், எந்த யூதரும் குடிமகன் ஆக முடியாது. மற்ற எல்லாம் இதன் கீழேதான் வருகின்றன. யாருக்கு லாபப் பங்கு, யாருடைய நிலம் என்பதை ரத்தம்தான் முடிவு செய்கிறது.

அந்த 17வது அம்சமும் நிற்கவில்லை. 1928 ஏப்ரலில் ஹிட்லரே விளக்கம் கொடுத்தார்: நாங்கள் தனிச்சொத்தை ஏற்பவர்கள், அது யூத நில வியாபார நிறுவனங்களுக்கு எதிரானது மட்டுமே என்று. 1933 பிப்ரவரி 20 அன்று, ஹிட்லரின் நெருங்கிய சகா கோயரிங் வீட்டில் பெருமுதலாளிகளைக் கூட்டி வைத்துத் தேர்தல் நிதி கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து டாகாவ் வதைமுகாம் திறந்தது. முதலில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள், அப்புறம் சமூக ஜனநாயகவாதிகள். சிவப்பு நிறம் எதற்கு? இடதுசாரிகளைச் சீண்டவும் அவர்கள் ஆட்களைத் தங்கள் கூட்டத்துக்கு இழுக்கவும்தான் சுவரொட்டிக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுத்ததாக ஹிட்லர் தானே எழுதி வைத்திருக்கிறார்.

அண்ணாநகர்வாசி:
அந்தக் கட்சியில் சோசலிசத்தை உண்மையாகவே நம்பியவர்களும் இருந்தார்கள் மேடம். ஸ்டிராசர் சகோதரர்களை விட்டுவிட்டீர்களே. அது இருக்கட்டும், எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. கம்போடியாவில் போல் பாட் ஆட்சி செய்த படுகொலைகளைச் சொன்னால் 'அது உண்மையான கம்யூனிசம் இல்லை' என்பீர்கள். வடகொரியா தன்னை ஜனநாயக மக்கள் குடியரசு என்கிறது, அதையும் தள்ளிவிடுவீர்கள். வசதிப்பட்டால் பெயர் நிஜம், சங்கடமானால் பொய். இது என்ன நியாயம்?

பெரம்பூர்_மில்காரர்_பேரன்:
போல் பாட்டைத் துரத்தியதே கம்யூனிஸ்ட் வியட்நாம்தான். 1979 ஜனவரி. அவனை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

திருவல்லிக்கேணி_வாசகி:
இல்லை தோழர், இதில் நான் உங்களோடு இல்லை. அண்ணாநகர் சார் கேட்டது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது.

செயலை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று நாஜிகளுக்குச் சொன்னோம் அல்லவா, அதே அளவுகோலை இங்கேயும் வைக்க வேண்டும். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட்டின் கெமர் ரூஜ் இயக்கத்தினர் தலைநகர் நாம்பென்னுக்குள் நுழைந்து, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தவர்களைக்கூட விடாமல் நகரத்தையே காலி செய்தார்கள். பணத்தை ஒழித்தார்கள். சந்தையை ஒழித்தார்கள். தனிச்சொத்து என்பதே இல்லாமல் போனது. ஒரு கொள்கையை நம்பி, அதன் எல்லை வரை போய்ச் செய்த காரியம் இது. தேர்தல் நிதிக்காகப் போட்ட வேஷம் இல்லை. 'எங்கள் ஆள் இல்லை' என்று நாம் கைகழுவ முடியாது.

இத்தனைக்கும் அவர்கள் 'கம்யூனிஸ்ட்' என்ற பெயரை முதலில் வெளியே சொல்லவே இல்லை. மக்களுக்குத் தெரிந்தது 'அங்கார்', அதாவது 'அமைப்பு', அவ்வளவுதான். தங்களை ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி என்பதை 1977 செப்டம்பரில்தான் போல் பாட் பகிரங்கமாக அறிவித்தார். ஆட்சி பறிபோன பிறகு, 1981-ல் அந்தக் கட்சியையே கலைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அதோடு வியட்நாமியரையும் சாம் முஸ்லிம்களையும் குறிவைத்துக் கொன்றார்கள். 'கம்யூனிஸ்ட்' என்ற ஒரே பெயருக்குள் இந்த இனவெறி அடங்காது. பெயர் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, பெயரே எல்லாம் சொல்லிவிடும் என்று நம்பவும் முடியாது.

சட்டக்கல்லூரி_மாணவன்:
அக்கா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சில குழுக்கள் முரணான பெயரை வேண்டுமென்றே வைக்கின்றன. ரஷ்யாவில் 1993-ல் எழுத்தாளர் லிமோனோவும் தேசியவாதச் சிந்தனையாளர் டூகினும் தொடங்கியது 'தேசிய போல்ஷெவிக் கட்சி'. போல்ஷெவிக் என்றால் லெனினின் கம்யூனிஸ்டுகள். அதன் கொடி அப்படியே நாஜிக் கொடிதான். சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம். ஸ்வஸ்திகா இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அரிவாள் சுத்தியல். 2007-ல் தடை செய்யப்படும் வரை அந்தக் கொடியோடுதான் திரிந்தார்கள். அதே 1993-ல் நாடாளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 23 சதவீத ஓட்டு வாங்கிக் கட்சிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது ஷிரினோவ்ஸ்கியின் 'லிபரல் ஜனநாயகக் கட்சி'. அவரோ தீவிர தேசியவாதி. வேலை போய், சேமிப்பு கரைந்து, இரண்டு பக்கமும் நம்பிக்கை இழந்தவனுக்கு வீசிய வலை இது. நம்மூர் டீக்கடையில் 'ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தால்தான் நாடு உருப்படும்' என்று என் வயதுப் பையன்கள் பேசும்போது எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

அண்ணாநகர்வாசி:
பயம் எனக்கும் உண்டு தம்பி. ஆனால் பொருளாதாரத்தைப் பேசாமல் விட மாட்டேன். 1936-ல் நான்காண்டுத் திட்டம் வந்த பிறகு விலை, கூலி, மூலப்பொருள் எல்லாமே அரசின் பிடியில். சொத்து முதலாளி பெயரில், அதிகாரம் அரசிடம். அதற்கு முன்பே, விமானம் செய்த ஹூகோ யுங்கர்ஸை மிரட்டி, காப்புரிமையையும் பங்குகளையும் எழுதி வாங்கி, வீட்டுக்காவலில் வைத்தார்கள். சுதந்திரச் சந்தை உள்ள நாட்டில் இப்படி நடக்குமா?

திருவல்லிக்கேணி_வாசகி:
யுங்கர்ஸ் விஷயம் உண்மைதான், அது சுதந்திரச் சந்தையும் இல்லைதான். கூடவே எஃகும் ஆயுதமும் செய்த க்ருப் குடும்பத்தையும் பாருங்கள். 1943 நவம்பரில், அந்த ஒரு குடும்பத்துக்காகவே ஹிட்லர் தனி ஆணை போட்டு, நிறுவனம் முழுவதும் ஒரே வாரிசிடம் போக வழி செய்தார். சொன்ன பேச்சைக் கேட்டால் சொத்து, முரண்டு பிடித்தால் பறிப்பு. யுங்கர்ஸிடமிருந்து எடுத்தது போர் விமானம் கட்டுவதற்கு. அந்தத் தொழிற்சாலை அரசின் கைக்கு வந்த பிறகு, அங்கே வேலை பார்த்தவனுக்குச் சங்கம் வைக்கும் உரிமை திரும்பக் கிடைத்ததா சார்?