கறுத்த வெல்லம் என்றாலே சுத்தமா?

கோவை நிலா:
இந்தப் பொங்கலுக்கு மூன்று கடை ஏறி இறங்கி வெல்லம் வாங்கினேன். முதல் இரண்டு கடையிலும் பொன் மாதிரி மஞ்சளாக இருந்தது. கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் அந்த நிறம் எப்படி வரும்? ஹைட்ரோஸ் என்று ஆலைகளில் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டி வெளுக்கிறார்கள். அதனால் வீட்டில் ஒரே விதிதான்: கறுத்ததை வாங்கு, வெளுத்ததைத் தொடாதே. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆலைக்காரர் மகன்:
எனக்கு இருக்கிறது, அக்கா. ஈரோட்டை அடுத்த சித்தோடு பக்கம் அப்பா ரொம்ப வருடம் வெல்ல ஆலை வைத்திருந்தார். ஹைட்ரோஸ் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் கறுப்பு எங்கிருந்து வருகிறது? உப்புத் தண்ணீர் பாய்ந்த வயல் கரும்பில் வெல்லம் கறுத்து, லேசாகக் கரிக்கவும் செய்யும். யூரியா அதிகம் வாங்கிய கரும்பும் அப்படித்தான். சாற்றில் சுண்ணாம்பு கூடினால் கறுக்கும். பாகு 118 டிகிரி பக்கம் பதத்துக்கு வரும், அதைத் தாண்டி அடிபிடித்தாலும் கறுக்கும். ஈரம் பட்ட பழைய சரக்கும் கறுப்புதான்.

நல்ல கரும்பாக இருந்து, வெண்டைத் தண்டைத் தட்டி ஊறவைத்த கொழகொழப்பு நீரை விட்டு, பொங்கி வரும் அழுக்கைப் பொறுமையாக எடுத்தால், ஹைட்ரோஸ் மருந்தே இல்லாமல் தேன் நிறத்தில் வெல்லம் இறங்கும். உங்கள் விதிப்படி அதைத் தொடமாட்டீர்கள்.

கோவை நிலா:
தம்பி, அவ்வளவு பொறுமையாக அழுக்கெடுப்பவர் எத்தனை பேர்? கடை வாசலில் நிற்கிற எனக்குக் கண் ஒன்றுதான் துணை. மஞ்சளில்தான் சந்தேகம் என்றால் மஞ்சளைத் தள்ளுவதுதானே புத்தி?

மளிகை மணியம்:
கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். கறுத்ததைக் கேட்பவர்கள் கூடியதும் கறுத்த வெல்லத்துக்குத் தனி விலை வந்துவிட்டது. போன வருடம் வெள்ளைச் சர்க்கரை கலந்து, பாகைக் கருக விட்டு, 'நாட்டு வெல்லம்' என்று கொண்டுவந்த சரக்கை நானே திருப்பி அனுப்பினேன். பார்வைக்கு அசல் கிராமத்து வெல்லம்!

இன்னொன்று. பாயசம் திரிந்தால் 'கலப்பட வெல்லம்' என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். வெல்லத்தில் கொஞ்சம் புளிப்புத்தன்மை உண்டு. கொதிக்கிற பாலில் போட்டால் நல்ல வெல்லமும் திரிக்கும், ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

சிறுவாணிக்காரன்:
நிறத்தைப் பார்க்காதே என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். நிறத்துக்காக மருந்து கொட்டியது யார்? என் மகனுக்கு ஆஸ்துமா. ஹைட்ரோஸ் மிச்சம் விடும் சல்பைட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது இழுப்பைக் கிளப்பும். அந்தச் சல்பைட்டைக் கந்தக டை ஆக்சைடாகத்தான் அளப்பார்கள்; வெல்லத்தில் அது 70 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எழுபதா எழுநூறா என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? எனக்குக் கறுப்புதான் பாதுகாப்பு.

ஆலைக்காரர் மகன்:
உங்கள் கோபம் நியாயமானது அண்ணா. நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் அப்பா மருந்து இல்லாமல் காய்ச்சினார். ஏலத்தில் மஞ்சள் வெல்லத்தைவிட எங்கள் 30 கிலோ சிப்பம் 200 ரூபாய் குறைவாகப் போனது. வாங்க வந்தவர் உடைத்துப் பார்க்கவில்லை, துளி வாயில் போடவில்லை. கண்ணால் ஒரு பார்வை, அடுத்த சிப்பத்துக்குப் போய்விட்டார். மறு வருடம் அப்பா ஹைட்ரோஸ் பாக்கெட்டைப் பிரித்தார். கொப்பரையில் பொடி விழுந்ததும் பாகு வெளுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அது தப்பு. நியாயப்படுத்த வரவில்லை. அன்று மஞ்சளைத் தேடி எங்களை அங்கே தள்ளிய அதே பார்வைதான் இன்று கறுப்பைத் தேடுகிறது. கொப்பரையில் என்ன விழுந்தது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை.

உருண்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனிக் குருணை மாதிரி பளிச்சென்று மின்னினால் வெள்ளைச் சர்க்கரை கலந்ததோ என்று சந்தேகப்படலாம். வெந்நீரில் கரைத்து வைத்து, அடியில் என்ன தங்குகிறது என்று பாருங்கள். ஹைட்ரோஸ் தந்த வெளுப்பு நிலைக்காது, வாரக்கணக்கில் வைத்தால் மங்கிவிடும். சல்பைட் அளவு மட்டும் ஆய்வகத்தில்தான் தெரியும். அண்ணாவுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

சிறுவாணிக்காரன்:
வாராவாரம் ஆய்வகத்துக்கு அனுப்ப என்னால் முடியாது. நீங்கள் உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் பரிசோதித்த அளவை ஒவ்வொரு சிப்பத்திலும் ஒட்டும் நாள் வரும்வரை என் வீட்டில் மஞ்சள் வெல்லம் நுழையாது.

மளிகை மணியம்:
ஒட்டினால் முதலில் வாங்கி வைப்பவன் நானாக இருப்பேன். சரக்குக்கு ரசீது கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள், அதுதான் இன்றைய நிலைமை.

கோவை நிலா:
மஞ்சள் வேண்டாம் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் தம்பி சொன்னதும் எழுந்து போய், மூன்றாவது கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கறுத்த உருண்டையை உடைத்தேன். உள்ளே மினுமினு என்று குருணை. கரைத்த தண்ணீரில் அடியில் வெள்ளையாக ஏதோ தங்கியிருக்கிறது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பக்கம் இப்போது ஆலை ஓடுகிறதா தம்பி? ஒரு கொப்பரை முழுக்கக் காய்ச்சி இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஆலைக்காரர் மகன்:
சித்தப்பா ஆலை ஓடுகிறது அக்கா. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள், அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். அந்த உருண்டையையும் எடுத்து வாருங்கள்.