பூல் டேபிள் துணியில் பால் டீ கொட்டியது; துடைத்த பிறகு கறை பெரிதாகி வளையம் விழுந்துவிட்டது

நடுப்பாக்கெட் | செவ்வாய், இரவு 9.40

9 அடி பூல் டேபிள், நீலத் துணி. மாட்டி 14 மாதம் ஆகிறது. நேற்று சாயங்காலம் நடுப் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி அரை டம்ளர் பால் டீ கொட்டிவிட்டது, சர்க்கரை போட்ட டீ. டிஷ்யூ வைத்து உறிஞ்சி எடுத்தோம். அப்புறம் வெந்நீரில் நனைத்த துண்டால் தேய்த்துத் துடைத்தோம். உள்ளங்கை அளவு இருந்த கறை இப்போது அதைப் போல இரண்டு மடங்கு. ஓரத்தில் பழுப்பு வளையம், நடுவில் நீலத் திட்டு. மெதுவாக வரும் பந்து அந்த இடத்தில் இன்னும் தயங்குகிறது.

கறை நீக்கும் பவுடர், பிளீச்சிங், ஹைட்ரஜன் பெராக்சைடு, இதில் எதையாவது போடலாமா? இல்லை, துணியைக் கழற்றித் துவைத்துத் திரும்ப மாட்டிவிடலாமா?

ஸ்லேட்25 | செவ்வாய், இரவு 10.05

இப்போதைக்கு எதையும் போடாதீங்க, தேய்க்கவும் வேண்டாம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்க.

துணியை உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்க. பூனை முதுகு மாதிரி ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கிறதா? இல்லை, எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே மாதிரி, நெசவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறதா?

அடியில் ஸ்லேட் கல்லா, எம்.டி.எஃப் பலகையா? எம்.டி.எஃப் என்றால் கறையை விட அது உப்பிவிட்டதா என்பதுதான் கவலை. ஒருமுறை உப்பினால் பழைய மட்டத்துக்கு வராது.

துணி ஸ்டேப்ளர் பின் அடித்ததா, பசை ஒட்டியதா? காசு போட்டு ஆடுகிற சின்ன டேபிள்களில் ஸ்ப்ரே பசையால் ஸ்லேட்டோடு ஒட்டியிருப்பார்கள். ஈரம் இறங்கினால் பசை விட்டு, துணி கொப்புளமாக எழும்பும்.

நடுப்பாக்கெட் | புதன், காலை 8.15

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, நெசவு தெரிகிறது. மூன்று துண்டு ஸ்லேட், 1 அங்குலக் கனம். பின் அடித்த துணி. கம்பளியும் நைலானும் கலந்தது என்று வாங்கும்போது சொன்னார்கள்.

ஸ்லேட்25 | புதன், காலை 8.40

அப்படியென்றால் பெரும்பாலும் பிழைத்துவிட்டது. 9 அடி டேபிளில் ஸ்லேட் துண்டுகள் சேரும் கோடு நடுப் பாக்கெட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி தள்ளித்தான் வரும். நீங்கள் சொல்கிற அளவுக்கு ஈரம் அதுவரை போயிருக்காது. போயிருந்தாலும் ஹேர் டிரையரோ இஸ்திரிப் பெட்டியோ கொண்டு காய வைக்காதீங்க. அந்தச் சேர்க்கையைப் பல இடங்களில் தேன்மெழுகு ஊற்றித்தான் அடைத்திருப்பார்கள். 65 டிகிரிக்குள் அது இளகிவிடும், மட்டம் போய்விடும்.

கழற்றித் துவைப்பது வேண்டவே வேண்டாம். இழுத்துக் கட்டிய கம்பளி அது. பிரித்து நனைத்தால் சுருங்கும். பாக்கெட்டுக்கு வெட்டிய இடம் திரும்பப் பொருந்தாது.

கம்பளிநூல் | புதன், காலை 11.20

பால் டீ என்பது ஒரு கறை இல்லை, நாலு கறை. தேயிலைச் சாயம், பால் புரதம், பால் கொழுப்பு, சர்க்கரை. நடுவில் இருக்கும் நீலத் திட்டு ஐந்தாவது. அது டீ இல்லை, சாக், அதாவது ஆடும் கோலின் நுனியில் தேய்க்கும் நீலக் கட்டியின் தூள். துணிக்குள் இறங்கியிருந்த சாக் தூளை வெந்நீர் குழம்பாக்கி இழையில் அப்பிவிட்டது. அதனால் வேலையை ஈரத்தில் ஆரம்பிக்காமல் வறட்சியில் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் வேக்கம் கிளீனரில் மென்மையான பிரஷ் முனை மாட்டி, குறைந்த இழுவிசையில், கறையும் அதைச் சுற்றி ஒரு முழமும் இழுத்துவிடுங்கள். சுழலும் பிரஷ் உள்ள முனை வேண்டாம். எவ்வளவு தூள் வெளியே வருகிறதோ அவ்வளவு நல்லது. இதை அவசரப்பட்டு முடிக்காதீர்கள், ஐந்து நிமிடமாவது ஆகட்டும்.

பிறகு சோதனை. பாக்கெட் வாய்க்குள் மடங்கி இறங்கும் துணியில் கீழே சொல்லும் கலவையை வெள்ளைத் துணியால் வைத்து 10 நிமிடம் விடுங்கள். வெள்ளைத் துணியில் நீலம் ஏறினால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

கலவை: 250 மில்லி பச்சைத் தண்ணீர், அரை டீஸ்பூன் ஈஸி (கம்பளிக்கு என்றே விற்கும் திரவம், அதே வகையில் வேறு பிராண்டும் சரிதான்). போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் எடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் அதுவே வெள்ளை வளையம் போடும்.

வெள்ளைக் காட்டன் துணியை நனைத்து, முறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத அளவுக்குப் பிழியுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வளையத்துக்கு வெளியிலிருந்து ஆரம்பித்து நடுவை நோக்கி வாருங்கள். வளையம் விழுந்த காரணமே இதுதான்: கரைந்த டீயைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, ஓரம் முதலில் காய்ந்தது, சாயம் மொத்தமும் அங்கே தங்கிவிட்டது. நடுவிலிருந்து ஆரம்பித்தால் இன்னொரு பெரிய வளையம்தான் கிடைக்கும். துணியின் அழுக்கான பக்கத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேறு துணியால் இரண்டு முறை ஒற்றுங்கள். சோப்பு தங்கினால் அடுத்த வாரமே அந்த இடம் சாக்கைப் பிடித்து வைத்து நீலமாகும்.

இதற்குப் பிறகும் பழுப்பு தெரிந்தால் மட்டும் வினிகர். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. ஒற்றி, 5 நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். பால் போவதற்கு முன் வினிகர் பட்டால் பால் இழைக்குள்ளேயே திரிந்து கட்டிப்படும். அப்புறம் அதை எடுப்பது தனி வேலை.

கடைசி ஒற்றலை வளையத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை, போகப் போக லேசாகக் கொண்டுபோய் முடியுங்கள். ஈரம் சட்டென்று நிற்கும் கோட்டில்தான் அடுத்த வளையம் பிறக்கும்.

நான்காக மடித்த காய்ந்த வெள்ளைத் துண்டு, அதன் மேல் ஒரு பலகை, அதன் மேல் நாலைந்து தடிமனான புத்தகம். 15 நிமிடம். துண்டை மாற்றி இன்னும் 15 நிமிடம். பிறகு ஃபேன் காற்று. 24 மணி நேரம் ஆடக்கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தைக் கம்பளி உள்ளே வைத்துக்கொண்டு வெளியே காய்ந்த முகம் காட்டும்.

நீங்கள் கேட்ட மூன்றும் கூடாது. பிளீச்சிங் கறையை எடுக்காது, கம்பளியையே கரைக்கும். பெராக்சைடு நீலத்தை வெளுத்துவிடும். கறை நீக்கும் பவுடர்களில் பெரும்பாலானவை காரம். என்சைம் கலந்த சோப்புத்தூளோ புரதத்தைத் தின்னும், கம்பளியும் புரதம்தான்.

பிரேக்ஷாட் | புதன், மதியம் 1.10

எதுக்கு ஜி இவ்ளோ சுத்தி? சோடா உப்பு தூவி எலுமிச்சை பிழிஞ்சா நுரைச்சு வந்துடும். வீட்டு சோஃபால போச்சே.

கம்பளிநூல் | புதன், மதியம் 1.35

அந்த சோஃபா பாலியெஸ்டராக இருந்திருக்கும். கம்பளிக்குப் பெரும்பாலும் அமிலச் சாயம்தான் போடுவார்கள். லேசான புளிப்பைத் தாங்கும், காரத்தில் சாயம் இளகும். சோடா உப்பு காரம். அதோடு அதன் தூள் நெசவுக்குள் புகுந்தால் மணல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். எலுமிச்சையிலும் சர்க்கரை இருக்கிறது, வெயில் படும் இடத்தில் வெளுக்கவும் செய்யும். வினிகர் போதும்.

பாக்லைன் | புதன், இரவு 7.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது 12 அடி ஸ்னூக்கர் டேபிள், பச்சைத் துணி, தடவினால் பூனை முதுகு ரகம். மோர் சிந்திவிட்டது. இதே முறைதானா?

ஸ்லேட்25 | புதன், இரவு 8.00

கலவையும் வரிசையும் அதேதான். மோர் ஏற்கெனவே புளித்தது, அதில் டீச் சாயமும் இல்லை, எனவே வினிகர் தேவைப்படாது. ஆனால் உங்கள் துணியில் ரோமம் உண்டு, அது பாக் பக்கத்திலிருந்து (ஆட்டம் ஆரம்பிக்கும் முனை) கருப்புப் பந்து வைக்கும் பக்கம் பார்த்துப் படிந்திருக்கும். வேக்கத்துக்குப் பதில் டேபிள் பிரஷ், அதே திசையில் மட்டும். ஒற்றும்போதும் எதிர்த்திசையில் இழுபடக்கூடாது.

முழுதாகக் காய்ந்த பிறகு (உங்களுக்கு 48 மணி நேரம் விடுங்கள்) பிரஷ் போட்டு, டேபிள் இஸ்திரியை அதே திசையில் நிற்காமல் ஒரே ஓட்டமாக இழுங்கள். நீராவி கூடாது. சூட்டைச் சோதிக்கச் செய்தித்தாளில் வைத்துப் பாருங்கள்; தாள் லேசாகப் பழுத்தாலும் சூடு அதிகம். ஈரம் இருக்கும்போது இஸ்திரி பட்டால் ரோமம் ஒன்றோடொன்று பின்னி அட்டையாகிவிடும், அந்த இடத்தில் பந்து எப்போதும் ஒதுங்கும்.

நடுப்பாக்கெட் | வெள்ளி, மாலை 6.20

நீலம் ஏறவில்லை, சோதனை சரியாக வந்தது. வியாழன் காலை செய்து முடித்தோம். ஈஸி கலவையிலேயே நடுப்பகுதி போய்விட்டது. வினிகர் ஒரு முறை. வளையம் முக்கால்வாசி போய், வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் மட்டும் நிழல் மாதிரி தெரிகிறது. ஆனால் பந்து இன்னும் அங்கே கொஞ்சம் குறைகிறது. ஸ்லேட் போய்விட்டதோ என்று பயம்.

ஸ்லேட்25 | வெள்ளி, மாலை 6.50

ஸ்லேட்டுக்கு அரை டம்ளர் டீயால் ஒன்றும் ஆகாது. இப்படிப் பாருங்க. சுத்தமான பந்து ஒன்றை எடுத்து, கறையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நிற்கிற அளவு மெதுவாக உருட்டுங்க. அதே கோட்டில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் உருட்டுங்க. இரண்டு முறையும் ஒரே சுவர்ப் பக்கம் சாய்ந்தால் மட்டம் பிரச்சினை. நேராக வந்து வேகம் மட்டும் குறைந்தால் துணியில் ஏதோ தங்கியிருக்கிறது.

நடுப்பாக்கெட் | வெள்ளி, இரவு 7.15

நேராகத்தான் வருகிறது. வேகம் மட்டும் குறைகிறது. விரலால் தொட்டால் பக்கத்துத் துணியை விடக் கொஞ்சம் விறைப்பு.

கம்பளிநூல் | வெள்ளி, இரவு 8.30

அந்த விறைப்பு சர்க்கரை. வெறும் தண்ணீர் ஒற்றலை இரண்டோடு நிறுத்தியிருப்பீர்கள். நாளை வெதுவெதுப்பைக் கூடத் தொடாத தண்ணீரில் பிழிந்த துணியால் இன்னும் மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் காய்ந்த துண்டை வைத்து அழுத்தி எடுங்கள். சோப்பும் வினிகரும் இனி வேண்டாம். காய்ந்ததும் விரல் நுனியால் வருடிப் பாருங்கள்; கரகரப்பு போயிருந்தால் வேகமும் வந்துவிடும்.

நிழலை விட்டுவிடுங்கள். முதல் நாள் வெந்நீரில் தேய்த்ததில் அங்கே இழை கொஞ்சம் பஞ்சடித்திருக்கும், அதில் வெளிச்சம் வேறு மாதிரி படுகிறது. அது கறை இல்லை, ஒற்றி ஒற்றிப் போகாது.

பிரேக்ஷாட் | சனி, காலை 9.05

சரி ஜி, சோடா உப்பை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க டேபிள்ல பிரேக் (ஆட்டத்தோட முதல் அடி) அடிக்கிற இடத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி, அப்புறம் சின்னச் சின்ன வெள்ளைக் கோடு. அதுக்கும் ஈஸியா?

ஸ்லேட்25 | சனி, காலை 9.30

இல்லை தம்பி, அது அழுக்கே இல்லை. பிரேக்கில் கியூ பால் (கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து) ஸ்லேட்டோடு அழுந்திச் சுழல்வதில் உராய்வுச் சூடு ஏறி இழை கருகின இடம் அது. எதைப் போட்டாலும் போகாது. ஒரே புள்ளியில் வைத்து அடிக்காமல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாலு விரல் இடம் மாற்றி வைங்க. பந்துகளை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவித் துடைச்சு வைங்க. பந்து மேல ஒட்டுன சாக் அழுக்கும் கோடு போடும். அந்தக் கோடு மட்டும் பிரஷ்ஷுக்குப் போகும்.

நடுப்பாக்கெட் | திங்கள், காலை 10.10

மூன்று சுற்று முடித்து ஒன்றரை நாள் காய வைத்தோம். விறைப்பு இல்லை. இரண்டு பக்கமிருந்தும் உருட்டியதில் பக்கத்துக் கோட்டில் வரும் அதே தூரம் வருகிறது. நிழல் அப்படியே இருக்கிறது. டீ டம்ளர் வைக்கச் சுவரோரம் ஒரு பலகை அடித்தாயிற்று.