சென்னை - கொழும்பு: வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள்

ஜன்னல் சீட் கிடைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதுதான் முக்கியம். சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் வலப்பக்கம், அதாவது எஃப் எழுத்துள்ள சீட்டை எடுங்கள். விமானம் ஏறக்குறைய நேர் தெற்காகக் கடல் மேல் போவதால் நம் கரை முழுக்க அந்தப் பக்கம்தான் வரும். இடப்பக்கம் யாழ்ப்பாணம் வரும் வரைக்கும் வெறும் வங்காள விரிகுடா.

நான் பிப்ரவரியில் காலை விமானத்தில் போனேன். மழைக்காலம் முடிந்து வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. கல்பாக்கம், புதுச்சேரி எல்லாம் சீக்கிரம் பின்னால் போய்விட்டன. கோடியக்கரை மூக்கு திரும்பும் இடத்தில் வேதாரண்யம் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக, சில வெள்ளையாக, சில பழுப்பாகத் தெரிந்தன. அதற்கப்புறம் பாக் நீரிணை. ஆழமில்லாத கடல் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் மேலிருந்து பார்க்கும்போது தண்ணீருக்குள் மணல் திட்டுகள் பச்சையும் வெளிர்நீலமுமாக நெளிந்து கிடப்பதைப் பார்த்தால்தான் மனதில் பதிகிறது.

நடு சீட்டில், யாழ்ப்பாணத்தை ஒட்டிய புங்குடுதீவைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். யாழ்ப்பாணம் நெருங்கியதும் "தம்பி, கொஞ்சம் தள்ளி இருங்கோ, பாப்பம்" என்றார். நான் சாய்ந்து இடம் விட்டேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. "அந்தா, அது வாணர் தாம்போதி, வேலணையில இருந்து எங்கட ஊருக்குப் போற ரோட்டு. அங்கால நயினாதீவு, அம்மன் கோயில்" என்று கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொரு தீவாகக் காட்டிக்கொண்டே வந்தார். நெடுந்தீவு கொஞ்சம் தள்ளி, தட்டையாக. வரைபடத்தில் எத்தனையோ தடவை பார்த்த இடங்கள்தான், ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லச் சொல்லப் பார்த்தது வேறு அனுபவம். நானே பிறகு அவருக்கு ஜன்னலை விட்டுக்கொடுத்தேன், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அடுத்து மன்னார் தீவு. அதன் மேற்கு முனையிலிருந்து தனுஷ்கோடி பக்கமாக மணல் திட்டுகள் வரிசையாகப் போவது தெரிந்தது. அதுதான் ராமர் பாலம். தூரத்தில்தான் தெரியும், பனிமூட்டம் இருந்தால் அதுவும் கிடையாது. விமானப் பாதையும் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். அதன் பிறகு கற்பிட்டி, புத்தளம் களப்பு (கடற்கழி), இறங்கும் நேரம் வந்துவிடும்.

காலை விமானம் என்று சொன்னதற்குக் காரணம் வெயில். காலையில் சூரியன் கிழக்கே, உங்கள் முதுகுப் பக்கம் இருப்பான். கடலின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே ஜன்னலில் வெயில் முகத்தில் அடிக்கும், கடல் வெறும் பளபளப்பாகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. கீழே மேகம் இருந்தால், சூரியனுக்கு எதிர்ப்பக்க ஜன்னலில்தான் விமானத்தின் நிழலும் அதைச் சுற்றி வட்டமான வானவில் வளையமும் விழும். அன்றைக்கு மேகம் இல்லாததால் எனக்குக் கிடைக்கவில்லை, வேறு பயணத்தில் பார்த்திருக்கிறேன்.

வரிசை எண்ணையும் பாருங்கள். ஏ320 வகை விமானத்தில் சுமார் 9 முதல் 20 வரை இறக்கை மறைக்கும். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் இன்ஜின் சூட்டில் காட்சி கலங்கித் தெரியும், படம் எடுப்பவர்கள் முன்பக்கம் போவது நல்லது. ஏடிஆர் எனும் சிறிய ப்ரொப்பெல்லர் விமானம் என்றால் இந்தக் கவலை குறைவு, இறக்கை தலைக்கு மேலே இருக்கும். சில விமானங்களில் ஜன்னல் சீட் என்று காசு வாங்கிக்கொண்டு வெறும் சுவரைத் தருகிற வரிசையும் உண்டு. ஏசி குழாய் போகும் இடம் அது. சீட் தேர்வு செய்யும் முன் அந்த விமானத்தின் இருக்கைப் படத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது இடப்பக்கம், ஏ. இதே கணக்குதான் டெல்லி - பாக்டோக்ராவுக்கும் (மேற்கு வங்கத்தின் வடக்கே, சிலிகுரி பக்கம்): போகும்போது இடப்பக்கம் இமயமலை, வரும்போது வலப்பக்கம். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்டும் கஞ்சன்ஜங்காவும் ஒரே பயணத்தில் கிடைக்கும்.

மதுரை - கொழும்பு தடத்தில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கணக்குப்படி ராமேஸ்வரம் இடப்பக்கம் வர வேண்டும். பாம்பன் பாலம் கண்ணுக்குத் தெரிகிறதா, எந்த மாதத்தில் போனீர்கள், சொல்லுங்கள். அடுத்த பயணத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறேன்.