தேக்கு வினீர் போட்ட 7 அடி வார்ட்ரோப் கதவு: பின்பக்கம் லேமினேட் போதுமா?

புதுவீடு_திருச்சி:
வணக்கம். பெட்ரூம் வார்ட்ரோபுக்கு 6 கதவு. ஒவ்வொன்றும் 7 அடி உயரம், 16 அங்குல அகலம். ஆசாரி சொல்வது: 19 எம்எம் பிளைவுட், முன்பக்கம் 4 எம்எம் தேக்கு வினீர் ஷீட் (மெல்லிய பிளை மேல் சீவிய தேக்கு ஒட்டியது), உள்பக்கம் 0.8 எம்எம் லேமினேட். இவ்வளவு உயரக் கதவு வளையாமல் நிற்குமா? 8×4 ஷீட் எத்தனை வாங்க வேண்டும்? கடையில் எதைக் கேட்டாலும் "பர்மா டீக்" என்கிறார்கள், எப்படிச் சரிபார்ப்பது? பாலிஷ் மெலமைனா, பியூவா (பாலியூரிதேன்)?

மரப்பட்டறை:
சார், அந்தக் கணக்குல ரெண்டு சிக்கல் இருக்கு.

முதல்ல கனம். 19, 4, லேமினேட் எல்லாம் சேர்ந்தா கிட்டத்தட்ட 24 எம்எம். சாதாரண ஆட்டோ ஹிஞ்ச் (தானா மூடிக்கிற கீல்) இந்தக் கனத்துக்கு வந்தது இல்ல. கதவு திறக்கும்போது ஓரம் பக்கத்துக் கதவுல உரசும். இடைவெளியைக் கூட்டினா பார்க்கவே அசிங்கமா இருக்கும்.

பெரிய சிக்கல் வளைவு. முன்பக்கம் மரம், பின்பக்கம் பிளாஸ்டிக் மாதிரி லேமினேட். பசையில இருக்கிற தண்ணிய முன்பக்க ஷீட் குடிச்சு, பிறகு காஞ்சு சுருங்கும். லேமினேட் அதே மாதிரி சுருங்காது. மழைக்காலம், வெயில்காலம்னு மாறும்போதும் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி வேலை செய்யும். 7 அடியில அது மேல் மூலையிலயோ கீழ் மூலையிலயோ வெளியே தள்ளிக்கிட்டு நிக்கும். ஹிஞ்ச் ஸ்க்ரூவைத் திருகி அதைச் சரிபண்ண முடியாது.

நான் சொல்றது: நடுவுல 12 எம்எம் பிளை, முன்னாடி 4 எம்எம் தேக்கு, பின்னாடி விலை குறைஞ்ச வேற மர வினீர் போட்ட அதே 4 எம்எம் ஷீட். மொத்தம் 20. ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல, ஒரே பசையில ஒட்டணும். "முன்பக்கம் இன்னைக்கு, பின்பக்கம் அடுத்த வாரம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க, அந்த ஒரு வாரத்துலயே பலகை கிண்ணமாயிடும். மூணு பலகையிலயும் மேல்ரேகை (மேல தெரியுற மரக்கோடு) உயரவாட்டுலயே ஓடணும்.

பசை சதுர மீட்டருக்கு 150–200 கிராம். ஒரு 8×4 ஷீட் சுமார் 3 சதுர மீட்டர், ஆக அரை கிலோ. உங்க வேலைக்கு 4 வினீர் ஷீட்: தேக்கு 2, பின்பக்கத்துக்கு 2. பசை ரெண்டு, ரெண்டரை கிலோ வச்சுக்கோங்க. பல் வச்ச தகட்டால இழுத்துப் பரப்பணும், ஊத்திட்டு கையால தடவுனா திட்டுத்திட்டா நிக்கும். பக்கத்துல கோல்டு பிரஸ் (சூடு இல்லாம அழுத்துற மெஷின்) இருந்தா அனுப்பிடுங்க. இல்லேன்னா மட்டமான தரையில கதவுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல பாலிதீன் போட்டு, மேல ஒரு முழுப் பலகை வச்சு சிமென்ட் மூட்டை ஏத்துங்க. 24 மணி நேரம் தொடக்கூடாது. செங்குத்தா சுவத்துல சாய்ச்சு காயவிடுற பழக்கம்தான் பாதிக் கதவைக் கெடுக்குது.

ஒரு கதவு 11, 12 கிலோ வரும். 4 ஹிஞ்ச் போடுங்க, 3 பத்தாது.

ரேகை:
தேக்கு ஷீட் 2 போதும் என்பது சரி, ஆனால் வெட்டும் கணக்கைப் பாருங்கள். ஓரத்துக்கு 6 எம்எம் தேக்கு பீடிங் (ஓர மரப்பட்டி) இரண்டு பக்கமும் வந்தால் பலகை அகலம் 15½ அங்குலம். மூன்று கதவுக்கு 46½. ரம்பம் தின்பது போகவும் 48க்குள் அடங்கும். ஒரே ஷீட்டிலிருந்து மூன்று கதவு எடுத்தால் ரேகை கதவுக்குக் கதவு தொடரும். இரண்டாவது ஷீட் அதே பண்டிலில் அடுத்த நம்பராக இருக்கட்டும். வெட்டும் முன் பின்புறம் பென்சிலால் 1 முதல் 6 வரை எழுதி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போடுங்கள்.

கிரவுன் கட் உங்களுக்கு வேண்டாம். 4 அடி ஷீட் என்பது நாலைந்து இலைகளை (மெல்லிய மரச் சீவல்களை) இணைத்தது. 15½ அங்குலத்தில் வெட்டும்போது கோபுரம் போல எழும் ரேகையின் நடு எங்காவது ஓரத்தில் போய் விழும். நேர்ரேகை, அதாவது குவார்ட்டர் கட், எங்கே வெட்டினாலும் உறுத்தாது.

"பர்மா டீக்" விஷயம்: மியன்மார் 2014 ஏப்ரலிலேயே மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் வருவதில் பல நாட்டுத் தோட்டத் தேக்கும் உண்டு. பெயரை விட்டுவிட்டு ஷீட்டைப் பாருங்கள். வெளிறு கலந்த வெள்ளைப் பட்டை இருக்கிறதா? அடுத்தடுத்த ஷீட்டுகளில் ரேகை அச்சடித்தது போல மாறாமல் வருகிறதா? வந்தால் அது ரீகான், வேறு மரத்தைச் சாயமேற்றிச் செய்தது. மூலையில் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து முகருங்கள். தேக்கின் எண்ணெய் வாசனை தோலைப் போல இருக்கும், மறைக்க முடியாது.

பாலிஷ்வேலை:
மேல இருக்கிற தேக்கு அரை எம்எம்தான் தம்பி. அதை மறந்துட்டுத்தான் எல்லாரும் மெஷினை வச்சுத் தேய்க்கிறாங்க.

பீடிங்கை இழைப்புளியால சமப்படுத்தும்போதுதான் வினீர் முதல்ல போகும். கால் எம்எம் தூக்கலா விட்டு ஒட்டச் சொல்லு. வினீரும் பீடிங்கும் சேருற இடத்துல பென்சிலால குறுக்கே கோடுகோடா கிறுக்கிட்டு ஸ்கிரேப்பரால இழுக்கணும். பீடிங் மேல இருக்கிற கிறுக்கல் முதல்ல அழியும். வினீர் மேல இருக்கிற கோடு மங்க ஆரம்பிச்ச உடனே நிறுத்து. அதுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்தாலும் அடியில இருக்கிற வெளுத்த பிளை எட்டிப் பார்க்கும். அதை எந்தச் சாயமும் மறைக்காது.

உப்புத்தாள் 180, அப்புறம் 220, முடிவுல 320. ரேகை வாட்டத்துல மட்டும். தேக்குல எண்ணெய்ப் பசை உண்டு. சீலருக்கு (பாலிஷுக்கு அடியில அடிக்கிற கோட்) முன்னாடி சுத்தமான துணியில தின்னர் நனைச்சு ஒரு தடவை துடைக்கணும். துணி பழுப்பா வரும், அதான் எண்ணெய். துடைக்காம அடிச்சா சில இடத்துல பிசுபிசுன்னு காயாமயே கிடக்கும்.

பெட்ரூமுக்கு மெலமைனே தாங்கும். காசு இருந்தா பியூ மேட், சீலர் ரெண்டு கோட், மேல ரெண்டு கோட். ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டுமே அடிக்காத, மேல பால் படிஞ்ச மாதிரி வெளுக்கும். கதவோட பின்பக்கம், மேல் விளிம்பு, கீழ் விளிம்பு எல்லாத்துக்கும் கோட் உண்டு. கீழ் விளிம்பை யாரும் பார்க்கமாட்டாங்கன்னு விட்டா ஈரம் அங்கதான் ஏறும்.

புதுவீடு_திருச்சி:
ரொம்ப நன்றி. ஆசாரி பசைக்குப் பதில் ரப்பர் சொல்யூஷன் தடவினால் உடனே பிடிக்கும், எடை வைக்க வேண்டாம் என்கிறார். செய்யலாமா?

மரப்பட்டறை:
வேண்டாம் சார். லேமினேட்டுக்கு அது சரி. வினீருக்கு மேல வர்ற பாலிஷ்ல தின்னர் இருக்கு, அது ஓரம் வழியா இறங்கி சொல்யூஷனை இளக்கிடும். கதவு மூலைதான் முதல்ல கிளம்பும். ஒரு நாள் மிச்சம் பிடிக்கப் போய் 6 கதவையும் திரும்பச் செய்யாதீங்க. இன்னொண்ணு, ஒட்டின அன்னைக்கு ஈரத்துல இரும்பு கிளாம்ப் நேரா தேக்கு மேல படக்கூடாது, கருப்பாக் கறை விழும். நடுவுல பாலிதீனோ பலகைத் துண்டோ வைங்க.