குரூப்புக்குள் குரூப்: கியூஜிஐஎஸ் லேயர் டிக்குகளைப் பைத்தானில் கையாள்வது எப்படி?

வளவுக்கோடு:
வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளை அளந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து வருகிறேன். லேயர் பேனலில் ஊர் ஒரு குரூப், அதற்குள் தெரு, தெருவுக்குள் வீடு, வீட்டுக்குள் முகப்பு, வளவு (நடு முற்றமுள்ள பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி. ஒவ்வொன்றிலும் சுவர், தூண், தளம், கூரை, தண்ணீர் வழி என்று லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக வரும் வரைபட அடுக்குகள்). எல்லா வீட்டுக்கும் இதே பெயர்கள்தான்.

வீடு வீடாகக் கூரைக்கு ஒரு தாள், தண்ணீர் வழிக்கு ஒரு தாள் எடுக்க வேண்டும். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வெளியூரிலிருந்து பங்காளிகள் வந்து கூடும்போதுதான் வீட்டு மராமத்தைப் பற்றிப் பேச முடிகிறது. எந்த ஓட்டுச் சரிவு வளவுக்குள் இறங்குகிறது, அந்தத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறி ஊருணிப் பக்கம் போகிறது என்று தாளில் பார்த்தால்தான் எல்லோருக்கும் செலவின் நியாயம் புரியும். இந்த வீடுகள் இன்னும் ஒரு தலைமுறை நிற்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

கையால் டிக் போட்டு எடுத்தால் முடிகிற வேலை இல்லை. அதனால் பைத்தான் கன்சோலில் எழுதுகிறேன். ஸ்கிரிப்ட் கூரை லேயருக்கு டிக் போடுகிறது, பேனலிலும் டிக் இருக்கிறது, ஆனால் மேப்பில் கூரை வரவில்லை. பெயர் சொன்னால் குரூப்பைத் தேடித் தரும் ஃபைண்ட்குரூப்பிடம் ‘வளவு’ என்று கேட்டால் எப்போதும் ஒரே வீட்டு வளவையே தருகிறது. அப்புறம், வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்புவதற்காக லேயர் தெரிகிறதா என்று சொல்லும் இஸ்விசிபிள் தரும் மதிப்புகளைச் சேமித்து வைக்கிறேன். திருப்பிப் போட்டால் பல டிக்குகள் காணாமல் போகின்றன. யாராவது வழி சொல்லுங்களேன்.

தெற்குவாசல்:
மேலே ஏதோ ஒரு குரூப்பில் டிக் இல்லை, அதனால்தான் வரவில்லை. செட்ஐட்டம்விசிபிலிட்டிசெக்டுபேரன்ட்ரிகர்சிவ் என்ற ஃபங்ஷனுக்கு ட்ரூ கொடுங்கள். லேயருக்கும் அதற்கு மேலுள்ள எல்லாக் குரூப்புக்கும் சேர்த்து டிக் விழும்.

கம்மாய்க்கரை:
தெற்குவாசல் அண்ணன் சொன்னது சரி. ஆனால் தெருவுக்கு டிக் விழுந்ததும், தன் டிக்கை ஏற்கெனவே வைத்திருக்கும் பக்கத்து வீடுகளும் மேப்பில் வந்துவிடும். அந்த வீட்டு குரூப்புகளின் டிக்கை முதலில் எடுங்கள். எடுக்கும்போது இதே ஃபங்ஷனுக்கு ஃபால்ஸ் கொடுக்காதீர்கள். தெரு, ஊர் என்று மேலே போய் எல்லாவற்றையும் அணைத்துவிடும். ரிகர்சிவ் ஒட்டாத செட்ஐட்டம்விசிபிலிட்டிசெக்டு போதும்.

உங்கள் மூன்று சிக்கலில் கடைசியானதுதான் முக்கியமானது. முகப்புக் கதவைச் சாத்தினால் இரண்டாங்கட்டில் எரியும் விளக்கு தெருவுக்குத் தெரியாது, ஆனால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இஸ்விசிபிள் தெருவில் நின்று பார்க்கிறது: தன் டிக், மேலுள்ள அத்தனை குரூப்பின் டிக் எல்லாம் இருந்தால்தான் ட்ரூ சொல்லும். ஐட்டம்விசிபிலிட்டிசெக்டு அந்த ஒரு கணுவின் (லேயரோ குரூப்போ, லேயர் மரத்தில் உள்ள ஒன்றின்) டிக்கை மட்டும் சொல்லும். ஒரு வீடு அணைந்திருக்கும் நேரத்தில் இஸ்விசிபிளைச் சேமித்தால் அதற்குள் இருக்கும் லேயர் எல்லாமே ஃபால்ஸ் என்றுதான் பதிவாகும். அதையே திருப்பிப் போட்டால் டிக்குகள் போகத்தானே செய்யும்? சேமிக்க வேண்டியது டிக்கை, தெரிவதை அல்ல.

பெயர்ச் சிக்கலுக்கு: ஃபைண்ட்குரூப் முதலில் கண்ணில் படும் குரூப்போடு நின்றுவிடும். வேரிலிருந்து (மரத்தின் தொடக்கத்திலிருந்து) கேட்காமல் வீட்டு குரூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதனிடம் கேளுங்கள். அந்த வீட்டு வளவுதான் வரும். சேமிக்கும்போதும் வெறும் பெயரைச் சாவியாக வைக்காதீர்கள். லேயருக்கு அதன் ஐடி போதும், பெயர் ஒன்றானாலும் ஐடி வேறு வேறு. குரூப்புக்கு ஊர், தெரு, வீடு, கட்டு என்று முழுப் பாதையையும் கோத்து வையுங்கள்.

வளவுக்கோடு:
மிக்க நன்றி அண்ணே. வீட்டு குரூப்பிலிருந்து தேடி, டிக்கை மட்டும் சேமித்துப் பார்த்தேன். பேனல் அப்படியே திரும்பி வருகிறது. இனி ஒவ்வொரு தாளுக்கும் டிக் மாற்றி, பிரிண்ட் எடுத்து, திருப்பி என்று ஓட்டத்தான் வேண்டுமா?

கம்மாய்க்கரை:
வேண்டாம் தம்பி, இப்போதுள்ள டிக்குகளை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் மேப் தீம் இருக்கிறதே. ஸ்கிரிப்டில் ஒரு தாளுக்கான டிக்குகளை வைத்ததும் கிரியேட்தீம்ஃப்ரம்கரன்ட்ஸ்டேட்டை அழைத்து, வருவதை மேப்தீம்கலெக்‌ஷனில் ஒரு பெயரோடு இன்செர்ட் செய்யுங்கள். அந்த ஃபங்ஷன் வேர்க் கணுவையும் லேயர் மரத்தின் மாடலையும் கேட்கும். மாடல், கன்சோலில் தயாராக இருக்கும் ஐஃபேஸின் லேயர்ட்ரீவியூவிடம் கிடைக்கும். பெயரில் வீட்டு எண்ணும் தாளின் வகையும் இருக்கட்டும்.

தீம் லேயரின் ஸ்டைலையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். கூரை லேயருக்கு இரண்டு ஸ்டைல் வையுங்கள். கூரைத் தாளில் ஓட்டுச் சரிவு நிறத்தோடு வரட்டும். தண்ணீர்த் தாளில் அதே கூரை மெல்லிய கோடாக மட்டும் இருந்தால் வாய்க்கால் பளிச்சென்று தெரியும். பெரியவர்கள் கையில் கொடுக்கிற தாளுக்கு இது அவசியம் என்பேன்.

பிரிண்ட் லேஅவுட்டில் மேப்பைத் தேர்ந்தெடுத்து ‘ஃபாலோ மேப் தீம்’ போடுங்கள். பக்கத்திலுள்ள டேட்டா டிஃபைண்டு பட்டனில் தீம் பெயர் இருக்கும் நெடுவரிசையைக் கொடுத்து, வீட்டு எல்லை லேயரை வைத்து அட்லஸ் (ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு தாளாகத் தானே எடுக்கும் வசதி) ஓட்டினால் பேனலைத் தொடாமலே வீடு வீடாகத் தாள் வந்துவிடும். புது லேயர் சேர்த்தால் பழைய தீமில் அது தானாக நுழையாது. தீம் உண்டாக்கும் பகுதியை மறுபடி ஓட்டிவிடுங்கள்.